டீஸல் லாரி: திருகாணியும் செருகு பெட்டியும்

நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும் தமிழர் எவரும், எதிரே வரும் லாரியின் எண் பலகையை ஒரு முறை பார்க்காமல் விடுவதில்லை. டி.என். 28 என்றிருந்தால் அது நாமக்கல், டி.என். 52 என்றிருந்தால் அது சங்ககிரி. ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு அவ்வெழுத்தும் இலக்கமும் நம் ஊரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தியைச் சொல்லிவிடுகின்றன. லாரி கடந்து போன பிறகு, அது விட்டுச் சென்ற புகையையும் சிறிது நேரம் நாம் பார்த்து நிற்கிறோம். அந்தப் புகைக்கும் ஒரு வரலாறு உண்டு.

லாரித் தொழிலில் உள்ளவர்கள் கூடும் இடங்களில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. பழைய லாரிக்கு வலுக் கூட்ட வேண்டுமானால், மெக்கானிக் ஒருவர் ஸ்பானரும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு எஞ்சினருகே குனிந்தார், பம்பைத் திறந்தார், கை வைத்த இடத்தை அறிந்து கை வைத்தார். இன்றைய லாரிக்கு வலுக் கூட்ட விரும்புவோர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து கம்பி முனையில் செருகுகின்றனர். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. முன்னது வித்தை, பின்னது விளையாட்டு என்பர் ஒரு சாரார். முன்னது குத்துமதிப்பு, பின்னது கணக்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரி என்று தீர்மானிக்குமுன், டீஸல் எஞ்சினுக்குள் எண்ணெயை அளந்து விடும் அதிகாரம் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது என்பதை நாம் வரிசையாகப் பார்த்தல் நலம்.

இந்த எஞ்சினுக்குத் தம் பெயரைக் கொடுத்த ருடால்ஃப் டீஸல் 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். 1892-இல் அவர் தம் கருத்துக்குக் காப்புரிமை கோரினார். 1893 பிப்ரவரியில் அது கிடைத்தது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் அவருடைய எஞ்சினைப் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவிகிதம் பயனுள்ள வேலையாக மாறியது. அக்காலத்துச் சாதாரண நீராவி எஞ்சின்கள் அதில் பாதியை எட்டுவதும் அரிது. டீஸலின் நோக்கம் ஒன்றை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். பெரிய நீராவி எஞ்சினை வாங்கவல்ல ஆலை முதலாளிகளுக்கு முன்னால் சிறு கைத்தொழிலாளர் நிற்க முடியாமல் நசிந்து போவதை அவர் கண்டார். சிறிய பட்டறைக்காரரும் வைத்துக்கொள்ளத்தக்க, சிக்கனமான எஞ்சின் ஒன்று வந்தால் அவர்கள் பிழைப்பார்கள் என்று நம்பினார். சமூக ஒத்துழைப்பைப் பற்றி 1903-இல் ஒரு நூலும் எழுதினார். 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் பயணம் செய்கையில் அவர் கடலில் மறைந்தார். கைத்தொழிலாளரைக் காப்பதற்கென்று எண்ணிய எஞ்சின் அவர்களிடம் எப்படி வந்தது, எப்படி விலகுகிறது என்பதே நம் கதையின் உட்பொருள்.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதிப்பேறும்; அந்தக் கொதிக்கும் காற்றுக்குள் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில், எவ்வளவு நுண்ணிய தூறலாக என்பதே எஞ்சினின் உயிர்நிலை. டீஸலின் முதல் எஞ்சின்களில் அழுத்திய காற்றைக் கொண்டே எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதற்குத் தனியாக ஒரு பெரிய காற்றழுத்தி வேண்டியிருந்தது. கப்பலுக்கும் மின்சார நிலையத்துக்கும் அது பொருந்தியது. சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தவில்லை. 1923, 1924 ஆண்டுகளில் பென்ஸ், எம்.ஏ.என். முதலிய ஜெர்மன் நிறுவனங்கள் காற்றழுத்தி இல்லாத டீஸல் லாரிகளைச் செய்து காட்டின. எனினும் நம்பகமான, மலிவான பம்பு ஒன்று கிடைத்தாலன்றி அவை பரவ வழியில்லை. ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் 1922-இல் இம்முயற்சியில் இறங்கினார். 1927-இல் அவருடைய ஆலை டீஸல் பம்புகளைத் தொடர்ச்சியாகச் செய்து விற்கலாயிற்று. டீஸல் லாரியின் காலம் உண்மையில் அன்றுதான் பிறந்தது எனலாம்.

அந்தப் பம்பின் அமைப்பு எளிமையும் நுட்பமும் சேர்ந்தது. எஞ்சினில் ஆறு சிலிண்டர் இருந்தால் பம்பில் ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும். கேம்ஷாஃப்ட் சுழலச் சுழல ஒவ்வொன்றும் மேலே எழுந்து எண்ணெயைத் தள்ளும். பிளஞ்சர் எழும் உயரம் என்றும் ஒன்றே. ஆனால் அதன் உடலில் சாய்வாக வெட்டிய ஒரு காடி உண்டு. அக்காடி துவாரத்தைச் சந்திக்கும் கணத்தில் எண்ணெய் பின்வழியே திரும்பிவிடும். பல்வரிசை கொண்ட ராக் என்னும் தண்டு நகரும்போது எல்லாப் பிளஞ்சர்களும் ஒன்றாகச் சிறிது திரும்பும். காடி துவாரத்தைச் சந்திக்கும் நேரம் முந்தவோ பிந்தவோ செய்யும். எண்ணெயின் அளவு குறையவோ கூடவோ செய்யும். ஓட்டுநரின் கால் அழுத்தம் கவர்னர் வழியாக இந்த ராக்கையே நகர்த்துகிறது. எஞ்சின் வேகம் மிஞ்சினால் கவர்னரின் எடைக்குண்டுகள் விலகி விரிந்து ராக்கைப் பின்னுக்கு இழுக்கும். ராக் முன்னோக்கி எவ்வளவு தூரம்தான் போகலாம் என்பதற்கு எல்லைக்கல் போல ஒரு திருகாணி உண்டு. அந்தத் திருகாணியின்மேல் கம்பி சுற்றி ஈய முத்திரை குத்தியிருக்கும். தொழிற்சாலை விதித்த எல்லை அது. லாரிக்காரர்களின் ஆசைகள் அனைத்தும் அந்தச் சிறு முத்திரையைச் சுற்றியே நெடுங்காலம் வலம் வந்தன.

நம் நாட்டுக்கு இந்தத் தொழில் வேரோடு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்வதற்கென 1945-இல் தோன்றிய டெல்கோ, 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அந்த உடன்பாடு 1969-இல் முடிவுற்றது. சென்னையில் 1948-இல் அமைந்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் கைகோத்து, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றது. இவ்விரு சாராருக்கும் பம்பு வேண்டுமே! பெங்களூரில் 1951-இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் தோன்றியது. மைக்கோ என்ற சுருக்கப் பெயரை அறியாத லாரிக்காரர் இந்தியாவில் இல்லை. ஆடுகோடி ஆலையிலிருந்தும், பின்னர் நாசிக் ஆலையிலிருந்தும் பம்புகளும் நாசில்களும் நாடெங்கும் சென்றன. 2008-இல் அந்நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பின்னும், பழைய மெக்கானிக்குகள் நாவில் அது மைக்கோவாகவே நிலைத்தது.

ஆலை பெங்களூரில் இருந்தாலும் பம்பு பழுதாவது சாலையில்தானே? ஆகவே நெடுஞ்சாலை ஊர்கள் தோறும் டீஸல் பம்பு ஒர்க்‌ஷாப்புகள் எழுந்தன. நல்லதொரு பம்புக் கடையில் நுழைந்தால் நடுவே கனத்த சோதனை மேஜை நிற்கும். பம்பைக் கழற்றி மின் மோட்டாருடன் இணைத்து ஓட்டுவார்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் விழும் எண்ணெய் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சேரும். ஆறு குழாயிலும் மட்டம் ஒன்றாக வரும்வரை ஒவ்வொரு பிளஞ்சரையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரி செய்வார்கள். இன்னொரு மூலையில் கைப்பிடி கொண்ட நாசில் சோதிப்பான் இருக்கும். பிடியை அழுத்தினால் சுமார் 200 பார் அழுத்தத்தில் நாசில் திறந்து, மெல்லிய கரகரப்புடன் பனி போலத் தூவும். அந்த ஒலியைக் கேட்டே நாசில் நல்லதா, சொட்டுகிறதா என்று சொல்லவல்ல செவிகள் அங்கே இருந்தன. பள்ளிப் படிப்பு அதிகமின்றி, குருவின் அருகே நின்று கற்ற கல்வி அது. டீஸல் கனவு கண்ட சிறு கைத்தொழிலாளர் இவரே என்று சொல்லலாம்.

இந்த வித்தைக்கு மறு பக்கமும் உண்டு. லாரி உரிமையாளர் வந்து, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, பிக்கப் போதவில்லை என்பார். உண்மைக் காரணம் பெரும்பாலும் விதிக்கு மிஞ்சிய பாரம். மெக்கானிக் முத்திரையை அறுத்து எல்லைத் திருகாணியைச் சிறிது வெளியே விடுவார். ராக் இன்னும் கொஞ்சம் முன்னே போகும், எண்ணெய் கூடும், வண்டி ஏறும். சிலர் டைமிங்கையும் முன்னுக்குத் தள்ளுவார்கள். ஆனால் எண்ணெயை எரிக்கக் காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தான் இழுக்கும் காற்றளவுக்கு மேல் எண்ணெயை எரிக்க இயலாது. மிஞ்சிய எண்ணெய் கரியாகிக் கரும்புகையாய் வெளியேறும். வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். பிஸ்டனின் தலை உருகும். ஹெட் காஸ்கெட் போகும். ஏற்றத்தில் கிடைத்த ஆதாயம் எஞ்சின் வேலையில் கரைந்துவிடும். நல்ல மெக்கானிக் இதை அறிவார். அறிந்தவர் அளவோடு நிறுத்துவார், அறியாதவர் நிறுத்தமாட்டார். மிகைப் பாரத்தை வலுவாகக் கண்டித்து உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் ஆணையிட்டதன் காரணங்களுள் சாலையும் உயிரும் கெடுவது முதன்மையானது. அந்தப் பாரத்துக்குத் துணை நின்ற சிறு குற்றவாளிகளுள் திருகாணியும் ஒன்று.

கையால் மாற்றியமைக்கும் கலை மிகவும் விரிந்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே கம்மின்ஸ் நிறுவனம் 1980-களில் 5.9 லிட்டர் அளவுள்ள, ஆறு சிலிண்டர் கொண்ட பி வரிசை எஞ்சினைச் செய்தது. 1989-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து டாட்ஜ் பிக்கப் லாரிகளில் அது பொருத்தப்பட்டது. ஏறக்குறைய அரை டன் எடையுள்ள, வேலைக்கெனச் செய்த உறுதியான எஞ்சின் அது. 1994 முதல் 1998 நடுப்பகுதி வரை அதில் பாஷின் பி7100 என்னும் வரிசைப் பம்பு இருந்தது. தொழிற்சாலை கொடுத்த திறன் 160 முதல் 215 குதிரைத் திறன் வரை. இந்த எஞ்சினுக்கும் நமக்கும் உறவில்லாமல் இல்லை. 1993-இல் அமைந்த டாடா கம்மின்ஸ் நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து எஞ்சினைச் செய்து டாடா லாரிகளுக்கு வழங்கியது. அமெரிக்கப் பண்ணைக்காரரின் வண்டியிலும், கலிங்கநகர் நோக்கிப் போகும் நம் லாரியிலும் ஒரே எஞ்சின் ஒரே குரலில் முழங்கியது.

அமெரிக்க ஆர்வலர்கள் அந்தப் பம்பில் செய்த வேலைகள் இன்றும் பேசப்படுகின்றன. பம்பின் பின்பக்கம், ராக்கின் ஓட்டத்தை வேகத்துக்கேற்ப வரம்பு செய்யும் சிறு எஃகுத் தகடு ஒன்று உண்டு. அதை முன்னுக்குத் தள்ளினர். அதன் விளிம்பை அரத்தால் ராவி வேறு வடிவாக்கினர். சிலர் அடியோடு எடுத்தே விட்டனர். டர்போவின் காற்றழுத்தம் வருமுன் எண்ணெயைத் தடுத்து வைக்கும் சவ்வு அமைப்பைத் தளர்த்தினர். நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுழற்சிக்குமேல் எண்ணெயைக் குறைக்கத் தொடங்கும் கவர்னருக்கு வலிய வில்கள் மாற்றினர். பம்பின் பல்சக்கர நட்டைத் தளர்த்தி டைமிங்கை முன்னேற்றினர். பெரிய துளை நாசில் பூட்டினர். திறனை இருமடங்குக்கு மேலாக உயர்த்தியவர் பலர். இவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. சில கருவிகளும் ஒரு நாள் பொழுதும் போதும். ஆனால் வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றை முதலில் பொருத்தாதவர் பிஸ்டனை இழந்தே பாடம் கற்றார்.

இனி மின்னணுவின் வரவைப் பார்ப்போம். அதைக் கொண்டு வந்தது காற்றைப் பற்றிய கவலை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970-இல் பெருவலிமை பெற்றது. நம் நாட்டில் டீஸல் வண்டிகளுக்கான வெளியீட்டு விதிகள் 1992-இல் தொடங்கின. 2000-த்தில் முதல் படி. 2010-இல் நாடெங்கும் மூன்றாம் படி. 2017 ஏப்ரலில் நாடெங்கும் நான்காம் படி. ஐந்தாம் படியைத் தாண்டி 2020 ஏப்ரல் முதல் நாளில் ஆறாம் படி. இதற்கேற்ப டீஸலில் இருக்கக்கூடிய கந்தகமும் நான்காம் படியில் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், ஆறாம் படியில் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. இத்தகைய பொருளை ஈய முத்திரையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்று அரசுகள் கருதியதில் வியப்பில்லை.

1995-இல் ஜப்பானின் டென்ஸோ நிறுவனம் லாரிக்கென ஒரு புதிய முறையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1997-இல் ஐரோப்பியக் கார்களிலும் அம்முறை வந்தது. அதற்குக் காமன் ரெயில் என்று பெயர். இதில் பம்பின் வேலை, எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் நிறைத்து வைப்பது மட்டுமே. தொடக்கத்தில் 1,350 பார் அளவில் இருந்த அழுத்தம் பின்னர் 2,000 பாரையும் கடந்தது. எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதை ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மின்சாரத்தால் கட்டளையிடுவது ஈ.சி.யூ. என்னும் கம்ப்யூட்டர். எஞ்சின் வேகம், காற்றழுத்தம், நீரின் வெப்பம், ஓட்டுநரின் மிதி ஆகியவற்றை உணர்விகள் அதற்குச் சொல்கின்றன. அது தன் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்து விடை தருகிறது. ஒரே அடியில் எண்ணெயைப் பல தவணையாகவும் தூவ முடியும். முதலில் சிறு துளி தூவி நெருப்பை எழுப்பிவிட்டுப் பிறகு பெருந்தூறல் விடுவதால், பழைய டீஸலின் கடகடப்பு அடங்கியது; புகையும் வெகுவாகக் குறைந்தது. கரியை வடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடைச் சிதைக்கும் அமைப்பும் பின்னால் சேர்ந்தன. ஈய முத்திரை இருந்த இடத்தில் கடவுச்சொல் வந்தது.

முத்திரை இருக்கும் இடத்தில் அதை உடைக்கும் ஆசையும் இருக்கும். செருகு பெட்டிகள் மூன்று வகையாய்த் தோன்றின. முதல் வகை, அழுத்தத்தை அளக்கும் உணர்விக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து பொய் சொல்வது. உண்மையில் அழுத்தம் போதுமானதாக இருக்கையில் அது குறைவு என்று அறிவிக்கும். கம்ப்யூட்டர் ஏமாந்து அழுத்தத்தைக் கூட்டும். எண்ணெய் மிகுதியாய்ப் பாயும். இரண்டாம் வகை, சோதனைச் செருகுமுனை வழியே உள்ளே புகுந்து அட்டவணையையே அழித்து வேறொன்றை எழுதுவது. மூன்றாம் வகை, வலுவைக் கூட்டாமல், யூரியா தெளிக்காத வண்டியிலும் தெளிக்கப்படுகிறது என்று கம்ப்யூட்டரை நம்ப வைப்பது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் சோதனை அதிகாரிகள் இதைத் தேடிப் பிடித்திருக்கின்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட கணிப்பின்படி, அதற்கு முந்திய பத்தாண்டளவில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீஸல் பிக்கப் லாரிகளில் மாசுத் தடுப்பு அமைப்புகள் நீக்கப்பட்டிருந்தன. அதனால் அவ்வண்டிகளின் ஆயுளில் 5,70,000 டன் நைட்ரஜன் ஆக்ஸைடு மிகையாக வெளிப்படும் என்றும் அக்கணிப்பு கூறியது.

இவ்விரு முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில வேற்றுமைகள் தெளிவாகின்றன. கையால் திருகியவர் தாம் எதைத் திருகினார் என்பதை அறிவார். செருகு பெட்டியை விற்பவர் அதனுள் எழுதப்பட்டதை அறிவதில்லை, வாங்குபவரும் அறிவதில்லை. திருகாணியின் தவறு கரும்புகையாய் ஊரார் கண்ணில் பட்டது. பெட்டியின் தவறு பலவேளை கண்ணுக்குத் தெரியாத வாயுவாய்ப் போகிறது. சாலையோரச் சோதனையில் மிதியை அழுத்திப் புகையின் அடர்த்தியைப் பார்க்கும் மானி பழைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, நான்காம் படி வண்டிகளுக்கு 50 அலகு என்று எல்லை காட்டும். நைட்ரஜன் ஆக்ஸைடை அது அளப்பதில்லை. மறுபுறம், பெட்டியைப் பிடுங்கினால் பழைய நிலை உடனே திரும்பும். அரத்தால் ராவிய தகடு மீண்டும் வளராது. மின்னணு எஞ்சின் வெப்பம் மிஞ்சினால் தானே வலுவைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பழைய பம்புக்கு அந்த அறிவு கிடையாது, மெக்கானிக்கின் அறிவே அதன் அறிவு. ஆகவே புதியது முழுதும் தீமை என்பதும், பழையது முழுதும் பொன் என்பதும் ஒருசேரப் பிழை.

மூடி வைத்த இடமெல்லாம் நேர்மை குடியிருக்கும் என்றும் நாம் நம்பிவிடக் கூடாது. 1998 அக்டோபரில் அமெரிக்காவில் ஏழு பெரிய டீஸல் எஞ்சின் நிறுவனங்கள் அரசுடன் சமரச உடன்பாட்டுக்கு வந்தன. சோதனைச் சாலையில் ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் வேறு விதமாகவும் எஞ்சினை ஓடச் செய்யும் கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தனர் என்பது அவர்கள்மீது வந்த குற்றச்சாட்டு. 2015 செப்டம்பரில் இதே போன்றதொரு சூழ்ச்சி ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கார்களில் வெளிப்பட்டது; உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அக்கட்டளை இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. சிறு பட்டறைக்காரர் திருகாணியைத் தொட்டால் ஒரு லாரி புகைத்தது. பெரும் ஆலையின் அறைக்குள் அட்டவணையைத் தொட்டபோது லட்சக்கணக்கான வண்டிகள் ஒரே இரவில் கெட்டன. குற்றத்தின் இயல்பு ஒன்று. அதன் கை நீளம் மட்டும் வேறு.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை கூறுகிறது. திருகாணி என்றோ பெட்டி என்றோ சட்டம் பேதம் பார்ப்பதில்லை. வெளி மாநிலத்தில் வண்டி வைத்துப் பிழைக்கும் நம்மவர்கள் இதை மறவாதிருத்தல் நன்று. பேச்சுத் துணையற்ற ஊரில் வழக்கு வந்தால் அதன் சுமை இரட்டிப்பாகும்.

ஆயினும் சட்டம் தொடாத ஒரு துயரம் உண்டு. அது பம்புக் கடைக்காரருடையது. இன்று காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்றை மாற்றினால், அதன் தலையில் பொறித்த எழுத்தெண் குறியீட்டைக் கம்ப்யூட்டருக்குள் பதிய வேண்டும். அதற்கு ஸ்கேனர் வேண்டும்; ஸ்கேனருக்கு நிறுவனத்தின் அனுமதி வேண்டும். முப்பது ஆண்டு நாசிலின் குரல் கேட்டுப் பழகிய செவி அங்கே வாசலில் நிற்கிறது. பழுதென்பது வலுக்கூட்டும் ஆசை அன்று. நேர்மையான பழுதுக்கும் கதவு அடைபட்டால் கைத்தொழில் எங்கே போகும்? மாசசூசெட்ஸ் மாநிலத்து வாக்காளர்கள் 2012-இல் கார்களைப் பழுது பார்க்கும் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்று வாக்களித்தனர். நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அது கருத வேண்டிய துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. அந்த வழி விரிய வேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய விதி வந்தால் பழைய அறிவு அழிந்தே தீரும் என்பதில்லை. நான்காம் படி விதி 2017-இல் நாடெங்கும் வந்தபோது, அசோக் லேலண்டு நிறுவனம் வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தி, பழகிய வரிசைப் பம்பையே வைத்துக்கொண்டு விதியை நிறைவேற்ற முயன்றது. சாலையோர மெக்கானிக் கை வைக்கத்தக்க எஞ்சின் வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. ஆறாம் படி அந்த இடத்தை மிகவும் குறுக்கிவிட்டது உண்மையே. எனினும் பொறியியலில் சிந்திப்பவர் நெடுஞ்சாலைப் பட்டறையையும் மனத்தில் கொண்டால் வழி பிறக்கும் என்பதற்கு அது சான்று.

எனவே கையா, பெட்டியா என்ற வழக்குக்கு நம் தீர்ப்பு இதுவே. வண்டியில் எந்த மாற்றமும் செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. செய்தது என்ன என்று செய்தவருக்குத் தெரியுமா? அளந்து பார்த்தாரா? அதன் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? அளவுக் குழாயில் ஆறு மட்டமும் சரிவரும்வரை பொறுமையாக நின்ற பழைய மெக்கானிக் இம்மூன்றுக்கும் விடை சொல்ல வல்லவர். முத்திரையை அறுத்துவிட்டுக் கூலி வாங்கிச் சென்றவரும், பெட்டியைச் செருகிவிட்டுப் போகிறவரும் விடை சொல்ல இயலாதவர். அவ்விருவரும் ஒரே இனத்தவர். முன்னவரின் மக்கள் இன்று அறிய வேண்டியது கம்ப்யூட்டரின் மொழி. அதைக் கற்பிக்கும் கடமை ஆலைகளுக்கும் அரசுக்கும் உண்டு. கற்கும் ஊக்கம் பட்டறைகளுக்கு வேண்டும்.

மறுபடியும் நெடுஞ்சாலைக்கு வருவோம். டி.என். 28 லாரி ஒன்று நம்மைக் கடந்து போகிறது. உள்ளே ஓட்டுநரும் துணையாளும் இருக்கிறார்கள். அந்த எஞ்சின் விடும் மூச்சை முதலில் இழுப்பவர்கள் அவர்கள். அடுத்து, சாலையோரத்தில் நிற்கும் நாம். ஊர்க்காரர் வருகையை மகிழ்ந்து வரவேற்கும் நாம், அவருடைய வண்டி தெளிந்த மூச்சோடு வீடு திரும்ப வேண்டும் என்றும் விரும்புவது இயல்பே அல்லவா?